மணலைக் கொடுத்து உலோகத்தை வாங்குவதா?

அண்மையில் ஒரு மாலை வேளையில் கல்குடாவிலுள்ள வாசிகசாலை ஒன்றுக்கு ஊர் மக்கள் என்னை அழைத்திருந்தனர். ஐம்பது பேர் வரையில் கூடியிருந்தனர். பெரும்பாலோர் வேளாண்மை செய்வோர். சிலர் கரைவலை இழுப்போர். ஆசிரியர் இரண்டொருவரும் இருந்தனர். ஊருக்குள் வழங்கப்பட்ட துண்டுப்பிரசுரம் ஒன்றை என் கையிற் கொடுத்து, இதற்குச் சட்ட அபிப்பிராயம் கூறுங்கள் என்றனர். கரையோரத்திலே தைத்தேனியத் தொழிற்சாலை ஒன்று எழப்போகிறது, ஊர் செழிக்கும், இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்பதே அப்பிரசுரத்தின் சாரம். வெளியிட்ட கம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. இன்று ஒரு கம்பனி, நாளை வேறொன்று. பெயர் மாறும், பேச்சு மாறாது.

நான் அதனை இருமுறை படித்தேன். நிறுவப்படும் இயந்திரங்கள் எவை என்று தேடினேன். மணல் அள்ளும் பொறி, கழுவும் தொட்டி, உலர்த்தும் உலை, காந்தப் பொறி, பின்னர் கப்பல். அவ்வளவே. படித்ததை வாய்விட்டுக் கூறியதும் முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, இது சுளகல்லவா? ஆலை எங்கே?”

சட்டக்கல்லூரியிலே கற்ற எந்தக் குறுக்கு விசாரணையிலும் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கண்டதில்லை. நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவதற்கு ஆலை என்று பெயரிட்டால் எந்த விவசாயியும் நகைப்பான். மணலைப் புடைத்துக் கருமணலை வேறாக்குவதற்குத் தைத்தேனியத் தொழிற்சாலை என்று பெயரிட்டால் மாத்திரம் நாம் வாய்திறந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? இக்கட்டுரை அந்த முதியவரின் கேள்விக்கு விடை தேடுவது. விடையை முன்னரே கூறிவிடுகிறேன். ஊராரின் சம்மதமின்றி ஒரு பிடி மணலும் அள்ளப்படலாகாது. சம்மதம் பெற்று அள்ளப்படுவதாயினும், அது வெறும் மணலாக இக்கரையை விட்டுச் செல்லலாகாது.

மணலில் என்ன இருக்கிறது?

வெருகல் தொடங்கிக் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி வழியாகத் தெற்கே வரும் இக்கரையில், அலை வாங்கிய இடத்திலே கருங்கோடுகள் படிந்திருப்பதைச் சிறுவரும் அறிவர். இல்மனைற்று என்பது அக்கருமணலில் முதன்மையான கனிமம். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் கூடியது. தூய இல்மனைற்று ஆயிரம் கிலோவை எடுத்தால், அதனுள் ஏறத்தாழ 316 கிலோ தைத்தேனியமும் 368 கிலோ இரும்பும் உள்ளன, எஞ்சியது ஒட்சிசன். அதனுடன் உரூத்தைல், சேர்க்கன் முதலிய கனிமங்களும், சிற்றளவில் தோரியம் கொண்ட மொனசைற்றும் கலந்திருக்கும்.

இது இன்று நேற்று அறியப்பட்ட செய்தியன்று. இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துக்கு முதலாவது பணிப்பாளராக 1903இல் அமர்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான அவரைக் கலை விமர்சகராகவே நாம் அறிவோம். அவர் முதலிற் செய்த தொழில் இந்நாட்டின் கல்லையும் மண்ணையும் ஆராய்ந்தது. தோரியனைற்று என்னும் கனிமம் 1904இல் இலங்கை மண்ணிலிருந்து உலகறிய வந்தது அவரது ஆய்வினாலேயே. தென்திருவிதாங்கூர்க் கரையின் கதையும் இதுவே. ஜெர்மனிக்குச் சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் சொம்பேர்க் என்னும் ஜெர்மானிய இரசாயனர் சோதித்துப் பார்த்தார். மொனசைற்று என்று கண்டார். மணவாளக்குறிச்சியைத் தேடி வந்துவிட்டார். கயிற்றில் ஒட்டிய மணலிலே பொருளைக் கண்டவன் அவன். கப்பல் கப்பலாக அள்ளிக் கொடுத்தும் அதன் பொருளை அறியாதவர் நாம்.

புல்மோட்டையைப் பாருங்கள். 7 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட அக்கரையின் கருமணல், வளத்திலே உலகப் புகழ் பெற்றது. 1957இல் அதற்கெனக் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1992இல் அது அரசுக் கம்பனியாக்கப்பட்டது. போர்க்காலத் தடைகளை நீக்கிப் பார்த்தாலும் எத்தனை ஆண்டுகள்! இத்தனை காலத்திலும் அங்கு நடைபெற்றது யாது? அள்ளினர்; கழுவினர்; காந்தத்தாலும் மின்னாலும் பிரித்தனர்; கேள்விப்பத்திரம் கோரிக் கப்பலேற்றினர். வணிக அளவிலே தைத்தேனிய உலோகம் செய்யும் ஆலை எதுவும் இந்நாட்டில் எழவில்லை. அந்த மணல் பிறநாட்டில் வெண்ணிறப் பூச்சாகவும் விமான உறுப்பாகவும் மாறி விலை பல மடங்காகிறது. சூடடித்த களத்திலேயே ஈர நெல்லைத் தரகனுக்கு அளந்து கொடுத்துவிட்டு, ஆடி மாதத்தில் அதே நெல்லின் அரிசியைக் கடையிலே கடனுக்கு வாங்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆலை என்பது யாது?

தைத்தேனியத்தின் பெருமையை இரண்டு வாக்கியத்திற் கூறலாம். இரும்பின் பாரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடியது அதன் பாரம்; வலிமையோ உருக்குக்கு நிகரானது. உப்பு நீர் அதனை அரிப்பதில்லை. மனித உடல் அதனை வெறுப்பதில்லை. ஆகையால் விமானத்துக்கும் கப்பலுக்கும் செயற்கை இடுப்பு மூட்டுக்கும் அதனையே நாடுகின்றனர்.

ஆனால் ஒட்சிசன் அதனை எளிதில் விடுவதில்லை. இரும்பைப் போலக் கரியிட்டு உருக்கி எடுக்க முயன்றால் கரியோடும் கூடிக் கெட்டுவிடும். ஆகவே உலகம் இன்றும் பெரும்பாலும் பின்பற்றுவது லக்சம்பேர்க் நாட்டவரான வில்லியம் குரோல் என்பவர் 1930களில் வகுத்து 1940இல் காப்புரிமை பெற்ற முறையையே. மணலின் தைத்தேனிய ஒட்சைட்டைக் கரியோடு சேர்த்துக் குளோரீன் வாயுவிலே சூடாக்கித் திரவக் குளோரைட்டாக்குவர். அதனைக் காற்றுப் புகாத கலத்தில் உருகிய மகனீசியத்தோடு சேர்த்துத் தாழ்த்துவர். கடற்பஞ்சு போன்ற உலோகம் கிடைக்கும். ஒரு கிலோ தைத்தேனியத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மகனீசியம் செலவாகும்.

இதனினும் குறுகிய வழியும் உண்டு. தைத்தேனிய ஒட்சைட்டுத் தூளோடு கல்சியம் ஐதரைட்டைக் கலந்து, ஆயிரம் பாகை அளவிலே சூடாக்கினால், கல்சியம் ஒட்சிசனைப் பற்றிக்கொண்டு சுண்ணாம்பாகும், தைத்தேனியம் விடுபடும். அதனை ஐதரசன் வாயுவிலேயே ஆறவிட்டால் அவ்வாயுவை உள்வாங்கித் தைத்தேனிய ஐதரைட்டாகும். ஐதான அமிலத்தாற் சுண்ணாம்பைக் கரைத்து நீக்கினால் எஞ்சுவது சாம்பல் நிறத்து ஐதரைட்டுத் தூள். 1940களிலேயே அமெரிக்காவிலே அறியப்பட்டிருந்த வழி இது. அண்மை ஆண்டுகளில் அந்நாட்டின் யூற்றாப் பல்கலைக்கழகத்தார், ஐதரசன் சூழலில் மகனீசியத்தைக் கொண்டே ஒட்சைட்டை நேராக ஐதரைட்டுத் தூளாகத் தாழ்த்தலாம் என்று காட்டியுள்ளனர். குளோரீனும் வேண்டாம், பஞ்சு உலோகத்தை உடைக்கும் பாடும் இல்லை.

அந்தத் தூளால் யாது பயன்? நிறையில் நூற்றுக்கு நான்கு பங்கு ஐதரசன் கொண்ட அது, உலோகத்தைப் போலன்றி எளிதில் நொறுங்கும். ஆகையால் வேண்டிய அளவுக்கு அரைத்து, அச்சிலிட்டு அழுத்தி, வெற்றிடத்திலே சூடாக்கினால் ஐதரசன் வெளியேறிவிடும். அச்சின் வடிவிலேயே தைத்தேனிய உறுப்பு கையில் நிற்கும். கட்டியை வாங்கிக் கடைந்து பாதியைச் சீவலாகக் கழிக்கும் வீண்செலவு இல்லை. அலுமினியத்தை நுரையாக்கவும், மட்பாண்ட வகைப் பொருளையும் உலோகத்தையும் ஒட்டவும் அத்தூள் பயன்படுகிறது. ஒரு சிறிய ஆய்வுகூடத்திலே தொடங்கி, ஒரு சிறு ஆலையாக வளரக்கூடிய தொழில் இது.

உண்மையை மறைத்து வாதாடுவது எமது வழக்கமன்று. இதற்கும் விலையுண்டு. ஒரு கிலோ தைத்தேனியத்துக்கு ஏறத்தாழ 1.76 கிலோ கல்சியம் ஐதரைட்டு வேண்டும், 2.34 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். அமிலக் கழிவும் சேரும். ஐதரசன் வெடிக்கும், ஐதரைட்டுத் தூள் காற்றிற் பறந்தால் தீப்பற்றும். மின்சாரம் வேண்டும், தேர்ந்த கை வேண்டும். மகனீசியம் இந்நாட்டில் உற்பத்தியாவதில்லை. ஆயினும் அதன் மூலப்பொருளான தொலமைற்றுக் கல் மலைநாட்டிலே ஏராளமாக உண்டு, கடல் நீரிலும் மகனீசியம் உண்டு. எனவே, நாளைக்கே கல்குடாவில் ஆலை எழும் என்று கூறுபவனும் ஏமாற்றுபவனே. சுளகைக் காட்டி ஆலை என்பவனுக்கும் அவனுக்கும் வேறுபாடு இல்லை.

எம்மால் இயலாதா?

“ஏழை நாடு இது, இத்தகைய தொழில் எமக்கு இயலுமா?” என்று கொழும்பிலே கேட்பர். நம்மவருள்ளும் கற்றவர் சிலர் அதனையே திருப்பிக் கூறுவர். விடை கடலுக்கு அப்பால், நமக்கு மிக அண்மையிலேயே இருக்கிறது. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துச் சவறைக் கரையின் மணலும் நமது மணலின் இனமே. அங்கு கேரள அரசுக் கம்பனி 2011இல் தைத்தேனியப் பஞ்சு ஆலையைத் திறந்தது. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடம் முறையை வகுத்தது. விண்வெளி ஆய்வு நிறுவனம் பணம் தந்தது. ஆண்டுக்கு 500 தொன் என்பது ஆலையின் திட்ட அளவு. மணல், ஆய்வுகூடம், ஆலை, வாங்குவோன் ஆகிய நான்கையும் ஓர் அரசு கருதிச் சேர்த்தமையால் அது இயன்றது. அதே சவறைப் பகுதியிலே கிணற்று நீர் கெட்டது, நிலம் கெட்டது என்று ஊர் மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்ததையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. முன்னதைக் கற்போம், பின்னதையும் கற்போம்.

தொழிலுக்கு நமது மண் புதியதா? கல்குடாவுக்கு அயலிலே வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் எழுந்தது. வட்டையிலே எரித்துவிடும் வைக்கோலைக் காகிதமாக்கியது. பரந்தனிலே உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்தனர். ஆம், குரோல் முறைக்கு வேண்டிய அதே குளோரீன்! காங்கேசன்துறையிலே சீமெந்து. அறுபதுகளிலே ஒருவர் வடக்கு கிழக்கின் வரைபடத்தை விரித்து வைத்துப் புல்மோட்டை மணலையும் பரந்தன் குளோரீனையும் ஒரு கோட்டால் இணைத்திருந்தால், தைத்தேனியத் தொழிலின் முதற்படி அன்றே கட்டப்பட்டிருக்கும். இணைப்போர் இலர். பின்னர் போர் வந்தது. பரந்தன் அழிந்தது; காங்கேசன்துறை உறங்கியது; வாழைச்சேனை நொடிந்தது. தடையின்றி மீண்டும் தொடங்கியது மணலை ஏற்றும் தொழில் ஒன்றே. இதன் பொருளை வாசகர் சிந்திப்பாராக.

ஊரின் உரிமை முதலில்

இனி, மணலைத் தொடவே வேண்டாம் என்போர் நம்மிடையே உளர். அவர்களை நான் எதிர்க்கவில்லை. 2004 மார்கழியிலே கடல் எழுந்து கல்குடாவையும் பாசிக்குடாவையும் வாகரையையும் விழுங்கியதை நேரிற் கண்டவர்கள் அவர்கள். கரையின் மணல்மேடு எத்தகைய அரண் என்பதை அன்றே கற்றனர். அம்மேட்டின் கீழே தேங்கும் நன்னீரே ஊர்க் கிணறுகளின் உயிர். மேடு போனால் உவர் ஏறும். 2006, 2007இல் போரினாலே ஊரை விட்டு ஓடி மீண்டும் வந்து குடிலமைத்தவரும் அவர்களே. மூன்றாம் முறை மணலுக்காக எழுந்து போ என்றால் எவர் பொறுப்பர்? வாகரைப் பக்கத்திலும், அம்பாறையின் திருக்கோவிலிலும், மன்னாரிலும் மக்கள் வீதிக்கு வந்தமைக்குக் காரணம் இதுவே. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே கடலரிப்பு எவர் வீடு என்று கேட்டு வருவதில்லை. இதில் இரு சமூகத்தாருக்கும் வழக்கு ஒன்றே.

சட்டம் யாது கூறுகிறது? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி நிலம் எவருடையதாயினும் அதனுள்ளிருக்கும் கனிப்பொருள் குடியரசுக்கு உரியது. உமது உறுதி உமது வயலின் மேற்பரப்புக்கே உறுதி, கீழுள்ள கனிமத்துக்கன்று. அனுமதிப்பத்திரம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். மாகாண சபைக்கோ, பாராளுமன்றம் சட்டத்தால் இடமளிக்கும் அளவுக்கே இத்துறையிலே கை நீட்ட இடமுண்டு. அந்தக் கையும் எங்கே? 2017 புரட்டாதியிலே ஆயுள் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு ஆண்டுக் கணக்கிலே தேர்தல் நடத்தாது விட்டனர். மணலின் உரிமை கொழும்பிலே. பள்ளம் மாத்திரம் வாகரையிலே.

ஆயினும் சட்டம் முழுவதும் நமக்கு எதிரானதன்று. தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபின், விதிக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அவ்வறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தின் பிரதியை எந்தக் குடிமகனும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக எப்பாவல வழக்கு நமக்கு வழிகாட்டி. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையின் பொசுபேற்றுப் படிவை 30 ஆண்டுக்கு ஓர் அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்க அரசு முனைந்தபோது, அவ்வூர் விவசாயிகளும் ஒரு விகாராதிபதியுமாக எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். நீதியரசர் அமரசிங்க 2000 ஆனி 2ஆந் திகதி தீர்ப்பளித்தார். படிவின் அளவும் தரமும் முறையாக ஆராயப்பட்டு முடிவுகள் வெளியிடப்படும் வரையும், சுற்றாடல் மதிப்பீட்டு அங்கீகாரம் பெறப்படும் வரையும் ஒப்பந்தம் கூடாது என்று மன்று கட்டளையிட்டது. நாட்டின் வளத்துக்கு அரசு காவலனேயன்றித் தான் நினைத்தபடி விற்கும் உடைமையாளன் அன்று என்பதும், வருங்காலச் சந்ததிக்கும் அதிற் பங்குண்டு என்பதும் அத்தீர்ப்பின் உயிர்நாடி. சிங்கள விவசாயி எப்பாவலையிலே பெற்ற நீதி தமிழ் விவசாயிக்கும் முஸ்லிம் மீனவனுக்கும் கல்குடாவிலே செல்லாதா?

செய்ய வேண்டியது

ஆகவே, துண்டுப்பிரசுரத்தோடு வருபவனிடம் ஊர்கள் நான்கு கேள்விகளை எழுத்திலே கேட்கட்டும். மணல் எந்த வடிவில் இவ்விடத்தை விட்டுச் செல்லும்? கழுவிய மணலாகவா, ஒட்சைட்டாகவா, ஐதரைட்டுத் தூளாகவா? அள்ளிய மேட்டை எவர், எப்பொழுது, எவர் பணத்தில் மீட்பர்? மொனசைற்றும் அமிலமும் சுண்ணாம்பும் எங்கே போகும்? மதிப்பீட்டு அறிக்கை தமிழிலே எங்கே? நான்குக்கும் எழுத்தில் விடை தராதவனுக்கு ஊரார் ஒரு கையெழுத்தும் இடலாகாது. அவன் இனிப்பாகப் பேசினால் கேள்வியை மீண்டும் கேளுங்கள். அதட்டினால் இரண்டு முறை கேளுங்கள்.

கற்றோருக்கும் ஒரு சொல். வந்தாறுமூலையிலே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனம் நமது வாயிலிலே இருக்கிறது. கருமணலிலிருந்து ஒட்சைட்டையும், ஒட்சைட்டிலிருந்து ஐதரைட்டுத் தூளையும் பிரித்தெடுக்கும் ஓர் ஆய்வுகூடத்தை அங்கு நிறுவ வேண்டும் என்று பொறியியலாளரும் இரசாயனரும் ஆசிரியரும் ஒன்றுகூடிக் கேட்கட்டும். ஏற்றப்படும் மணலின் வருவாயிலிருந்து ஒரு பங்கை அதற்கு ஒதுக்கு என்று நமது பாராளுமன்ற உறுப்பினர் கேட்கட்டும். முதலாண்டிலே கிராம் கணக்கிற்றான் தூள் கிடைக்கும், கிடைக்கட்டும். அந்தக் கிராம் அளவுத் தூளைச் செய்யக் கற்ற இளைஞனை, மணலுக்கு விலை பேச வருபவன் எளிதில் ஏமாற்ற முடியாது. அதுவே முதல் இலாபம்.

ஆலை எழும்வரை மணல் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. நெல்லைப் போல அது புழுத்துப் போவதில்லை. மீனைப் போல அழுகுவதுமில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அலை சேர்த்து வைத்தது, நம் பிள்ளைகள் கற்றுத் தேறும்வரை காத்திருக்கும். அவசரம் மணலுக்கில்லை, வாங்க வருபவனுக்கே. வாசிகசாலையிலே முதியவர் கேட்ட கேள்வியை இனி ஒவ்வோர் ஊரும் கேட்கட்டும்: சுளகு இருக்கிறது, ஆலை எங்கே? அதற்கு விடை வரும்வரை கல்குடாவின் மணல் கல்குடாவிலேயே கிடக்கட்டும்!